தேவைகளை எதில் எழுதுவது: வாக்கியமா, யூஸ் கேஸா, இலக்கு மரமா, டிஎல்ஏ பிளஸ்ஸா?

புதிதாக ஒரு பெரிய மென்பொருள் வேலை கைக்கு வரும்போது, தேவைகளை, அதாவது அது என்னென்ன செய்ய வேண்டும் என்பதை, எந்த வடிவத்தில் எழுதி வைப்பது என்று உட்கார்ந்து முடிவெடுக்கும் டீம் அரிது. போன ப்ராஜெக்டின் வேர்டு ஃபைல் ஒன்று இருக்கும். தலைப்பை மாற்றிவிட்டு அதையே நிரப்ப ஆரம்பித்துவிடுவார்கள். ஒரே சர்வரில் ஓடும் சம்பளக் கணக்குக்கு அது போதும். பல சர்வர்கள், ரேடியோ, மொபைல், வேறு நிறுவனங்களின் மென்பொருள், தெருவில் நின்று வேலை செய்யும் ஆட்கள் என எல்லாம் கோத்து ஓடும் அமைப்புக்கு அது போதாது. எந்த வடிவத்தில் எழுதுகிறோமோ, அந்த வடிவம் கேட்கும் கேள்விகளுக்குத்தான் பதில் தேடுவோம். அது கேட்காத கேள்வி ப்ரொடக்‌ஷனில்தான் வந்து நிற்கும்.

இன்று புழக்கத்தில் உள்ள வழிகளில் முக்கியமானவை நான்கு: ஒழுங்குபடுத்திய வாக்கியங்கள், யூஸ் கேஸ், இலக்கு மாடல், டிஎல்ஏ பிளஸ் போன்ற கணித முறை. எது அழகு, எதற்கு டூல் உண்டு என்று பார்த்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. நான் வைக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று. நம் கையில் இல்லாத விஷயங்களைப் பற்றி நாம் என்னென்ன நம்பிக்கொண்டிருக்கிறோம் என்பதை அந்த வழி எழுத வைக்கிறதா? நெட்வொர்க்கில் ஓடும் அமைப்புகள் பெரும்பாலும் அந்த நம்பிக்கைகள் பொய்க்கும் இடத்தில்தான் விழுகின்றன.

உரைத்துப் பார்க்க ஒரு உண்மை நிகழ்வு வேண்டும். இந்தத் துறையில் பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்ப ஆராயப்படும் லண்டன் ஆம்புலன்ஸ் அமைப்பையே எடுத்துக்கொள்கிறேன். நம்மூர் 108 கட்டுப்பாட்டு அறையை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் எளிதில் புரியும்.

லண்டன், 1992

லண்டன் ஆம்புலன்ஸ் சேவை அன்று சுமார் 600 சதுர மைல் பரப்புக்கும் 68 லட்சம் மக்களுக்கும் பொறுப்பேற்றிருந்தது. நாளுக்கு 2,000 முதல் 2,500 அழைப்புகள் வரும். அதில் 1,300 முதல் 1,600 வரை அவசர அழைப்புகள். பழைய முறை முழுக்கக் காகிதம். அழைப்பை எடுப்பவர் விவரத்தைப் படிவத்தில் எழுதி, வரைபடப் புத்தகத்தில் இடத்தைத் தேடிக் குறித்து, கன்வேயர் பெல்ட்டில் போடுவார். மறுமுனையில் ஒருவர் படிவங்களை எடுத்துப் பார்த்து, ஒரே விபத்துக்கு இரண்டு பேர் அழைத்திருந்தால் அதைக் கண்டுபிடித்துவிட்டு, அந்தந்தப் பகுதிக்குரிய ஒதுக்கீட்டாளரிடம் கொடுப்பார். எந்த வண்டி எங்கே இருக்கிறது, யாரை அனுப்பலாம் என்பது அந்த ஒதுக்கீட்டாளரின் தலைக்குள்ளும் கையில் உள்ள அட்டைகளிலும் இருந்தது.

இதையெல்லாம் கணினிக்கு மாற்றினார்கள். வண்டி இருக்கும் இடத்தை ஒரு தானியங்கிக் கருவி சொல்லும். ஊழியர்கள் வண்டியில் உள்ள சிறு முனையத்தில் பொத்தானை அழுத்தித் தங்கள் நிலையைத் தெரிவிப்பார்கள்: கிளம்பிவிட்டோம், இடத்துக்கு வந்துவிட்டோம், மருத்துவமனையில் இருக்கிறோம், இப்போது சும்மா இருக்கிறோம். இந்த இரண்டையும் வைத்து அருகில் உள்ள வண்டியைக் கணினி தேர்ந்தெடுக்கும். 1992 அக்டோபர் 26ஆம் தேதி லண்டன் முழுவதுக்கும் ஒரே நாளில் இது நடைமுறைக்கு வந்தது.

சில மணி நேரத்தில் நிலைமை கைமீறியது. ரேடியோ எட்டாத இடங்களில் செய்திகள் தொலைந்தன. ஊழியர்கள் சிலர் பொத்தானை அழுத்தவில்லை. சிலர் வரிசை மாற்றி அழுத்தினார்கள். சிலர் ஒதுக்கிய வண்டியை விட்டு வேறு வண்டியில் கிளம்பினார்கள். கணினிக்குத் தெரிந்த லண்டனும் உண்மையான லண்டனும் விலகிக்கொண்டே போயின. தவறான வண்டிகள் ஒதுக்கப்பட்டன. ஒரே இடத்துக்கு இரண்டு வண்டிகள் போயின. வேறோர் இடத்துக்கு ஒன்றும் போகவில்லை. காத்திருந்தவர்கள் மறுபடி அழைத்தார்கள். அந்த அழைப்புகள் புதிய அழைப்புகளோடு சேர்ந்துகொண்டன. எச்சரிக்கைச் செய்திகள் குவிந்து, பழையவை திரையைத் தாண்டி மேலே போய் யார் கண்ணிலும் படாமல் போயின. மறுநாள் பாதிக் காகித முறைக்குத் திரும்பினார்கள். நவம்பர் 4 அதிகாலையில், நினைவகத்தை விடுவிக்காமல் விட்ட ஒரு சிறு நிரல் துண்டால் அமைப்பு முழுவதுமாக நின்றது.

1993 பிப்ரவரியில் விசாரணை அறிக்கை வந்தது. அதில் கூர்ந்து படிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அக்டோபர் 26, 27 தேதிகளில் கணினி தொழில்நுட்ப ரீதியில் பழுதாகவில்லை, எப்படி வடிவமைத்தார்களோ பெரும்பாலும் அப்படியே வேலை செய்தது, வடிவமைப்பில்தான் உயிரைக் குடிக்கும் ஓட்டைகள் இருந்தன என்று அறிக்கை சொல்கிறது. தேவை ஆவணம் மேலோட்டமாக இருந்ததாகவும் அது சொல்லவில்லை. ஆவணம் மிக விரிவாக, மிகத் துல்லியமாக இருந்ததாகவே சொல்கிறது. ஆக, தேவைகளை நிறைய எழுதினால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை. வண்டி இருக்கும் இடமும் நிலையும் ஏறக்குறைய குறையே இல்லாமல் கணினிக்குத் தெரியும் என்ற ஒரு நம்பிக்கையின் மேல் முழு அமைப்பும் நின்றது. அந்த நம்பிக்கை உடைந்தால் என்ன செய்வது என்பதுதான் எங்கும் இல்லை.

ஒழுங்குபடுத்திய வாக்கியங்கள்

அமைப்பு இதைச் செய்ய வேண்டும், அதைச் செய்ய வேண்டும் என்று எண் போட்டு எழுதும் ஆவணம் எல்லோருக்கும் பழக்கம். வழக்கறிஞர் படிப்பார், வென்டர் விலை சொல்வார், டெஸ்டர் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சோதனை எழுதுவார். டெண்டர் விட்டு வாங்கும் வேலையில் இதைத் தவிர்க்கவே முடியாது.

இதன் செப்பமான வடிவம் இயர்ஸ். ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தில் அலிஸ்டர் மேவினும் உடன் வேலை செய்தவர்களும் விமான இன்ஜின் கட்டுப்பாட்டுக்கான தேவைகளை எழுதியபோது உருவாக்கி, 2009இல் வெளியிட்டார்கள். கற்றுக்கொள்ள ஒரு மதியம் போதும். எப்போதும் உண்மையாக இருக்க வேண்டியது, ஒரு நிகழ்வு நடந்தால் செய்ய வேண்டியது, ஒரு நிலை நீடிக்கும்வரை செய்ய வேண்டியது, ஒரு வசதி இருந்தால் மட்டும் செய்ய வேண்டியது, வேண்டாத ஒன்று நடந்துவிட்டால் செய்ய வேண்டியது என ஐந்து அச்சுகள். எந்தத் தேவையையும் இவற்றில் ஒன்றிலோ, இரண்டைச் சேர்த்தோ எழுத வேண்டும்.

லண்டனுக்கு இப்படி எழுதலாம்: “ஊழியர் ‘தயார்’ பொத்தானை அழுத்தும்போது, அமைப்பு அந்த வண்டியை ஒதுக்கக்கூடியதாகக் குறிக்க வேண்டும்.” குறை சொல்ல முடியாத வாக்கியம். சோதிக்கலாம், ஒப்பந்தத்தில் சேர்க்கலாம். ஐந்தாவது அச்சு நம்மை இன்னொரு கேள்வி கேட்கத் தூண்டும்: இதில் வேண்டாதது என்ன நடக்கலாம்? அப்போது இப்படி வரும்: “வண்டியிலிருந்து இத்தனை விநாடிக்குச் செய்தி எதுவும் வரவில்லை என்றால், அமைப்பு அந்த வண்டியின் நிலையை ‘உறுதியில்லை’ என்று ஒதுக்கீட்டாளருக்குக் காட்ட வேண்டும்.” இந்த ஒரு வாக்கியம் 1992இல் இருந்திருந்தால் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கு எவ்வளவோ உதவியிருக்கும்.

ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பது எழுதுபவரின் அனுபவத்தைப் பொறுத்தது. இயர்ஸ் ஒரு வாக்கியத்தைச் செம்மையாக்கும். எந்த வாக்கியம் விடுபட்டது என்று சொல்லாது. இன்னொரு குறையும் உண்டு. 800 வாக்கியங்களில் 212ஆவதும் 640ஆவதும் ஒன்றையொன்று வெட்டினால் படிப்பவர் கண்ணுக்குத் தெரியாது. எனவே இது கடைசியில் கையெழுத்துப் போடுவதற்கான வடிவம் என்பது என் கருத்து. யோசிப்பதற்கான இடம் வேறு.

யூஸ் கேஸ்

ஸ்வீடனில் எரிக்சனில் வேலை செய்த இவார் ஜேக்கப்சன், தொலைபேசி இணைப்பகங்களுக்கான மென்பொருள் வேலையிலிருந்து 1980களில் கொண்டுவந்த முறை இது. ஒரு ஆள், அவருக்கு ஒரு வேலை முடிய வேண்டும், அதற்கு அவரும் அமைப்பும் மாறி மாறிச் செய்வது, நடுவில் வழி மாறினால் என்ன ஆகும் என்று கதைபோல எழுதுவார்கள். 1997இல் மென்பொருளைப் படங்களால் விவரிக்கும் யூஎம்எல் தரமாக வந்தபோது இதுவும் அதன் பகுதியாகி உலகெங்கும் பரவியது.

வண்டி ஓட்டுபவரையும் அழைப்பு எடுப்பவரையும் உட்கார வைத்துப் பேச இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. “மருத்துவமனையில் நோயாளியை இறக்கியாயிற்று. இப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டால், “முதலில் ஸ்ட்ரெச்சரைத் துடைப்போம், அப்புறம்தான் பொத்தான்” என்று பதில் வரும். அழுத்தும் வரிசை ஏன் மாறுகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். லண்டனில் ஆம்புலன்ஸ் ஊழியர்களின் பங்கு தேவை எழுதும் கட்டத்தில் மிகக் குறைவு. யூஸ் கேஸ் அமர்வு நான்கு நடந்திருந்தாலே பொத்தான் விஷயம் வெளியே வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இதன் பலவீனம் நெட்வொர்க்கில் தெரியும். ஒவ்வொரு கதையும் தனித்தனியாகச் சரியாக இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் தப்பாகிவிடும். ஜேக்கப்சனின் முறை பிறந்த அதே தொலைபேசித் துறையில் இது நன்கு தெரிந்த சிக்கல். ஒரு எளிய உதாரணம்: குமார் தன் போனிலிருந்து பாபு எண்ணுக்கு அழைப்பு போகக் கூடாது என்று தடை போட்டிருக்கிறார். அமுதா தனக்கு வரும் அழைப்பையெல்லாம் பாபுவுக்குத் திருப்பிவிட்டிருக்கிறார். குமார் போனிலிருந்து அமுதாவுக்கு அழைக்கிறார்கள். அழைப்பு பாபுவுக்குப் போகிறது. தடை வசதியின் யூஸ் கேஸ் சரி, திருப்பிவிடும் வசதியின் யூஸ் கேஸும் சரி. இரண்டும் சேர்ந்தபோது குமார் கேட்டது நடக்கவில்லை. வசதிகள் இப்படி மோதுவதைப் பற்றி மட்டுமே பேச 1992இலிருந்து தனி ஆய்வுக் கூட்டங்கள் நடக்கும் அளவுக்கு அது தலைவலியாக இருந்தது. இன்று ஒரு மென்பொருளை மைக்ரோசர்வீஸ் என்று சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு டீமும் தன் பங்குக்கு யூஸ் கேஸ் எழுதும்போது அதே மோதல்தான் வேறு பெயரில் வருகிறது.

எந்த வரிசையில் யார் யாருக்குச் செய்தி அனுப்புகிறார்கள் என்று காட்டும் சீக்வென்ஸ் வரைபடம் போட்டால் இது தீராதா என்று கேட்பார்கள். அது ஒரு ஓட்டத்தை மட்டும் காட்டும். பத்து செய்திகள் முன்பின்னாக வந்தால் உண்டாகும் ஓட்டங்களை யாரும் வரைந்து முடிக்க முடியாது.

சிஸ்எம்எல்லையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2007இல் வந்தது, யூஎம்எல்லின் வழித்தோன்றல். தேவைக்கென்று தனிப் பெட்டி, அதை எந்தப் பாகம் நிறைவேற்றுகிறது, எந்தச் சோதனை சரிபார்க்கிறது என்று கோடு போட்டு இணைக்கலாம். வன்பொருளும் மென்பொருளும் கலந்த, சான்றிதழ் வாங்க வேண்டிய விமானம், ரயில் போன்ற வேலைகளில் அந்தத் தொடர்புக் கோடுகள் இல்லாமல் ஆகாது. மற்ற இடங்களில் டூலைப் பராமரிக்கவே ஒரு ஆள் வேண்டியிருக்கும்.

இலக்கு மாடல்

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்த வழி அவ்வளவு பிரபலம் இல்லை. ஆனால் மேலே சொன்ன அளவுகோலில் இதுதான் முதலில் நிற்கிறது.

இதன் அடிப்படை, பிரிட்டிஷ் மென்பொருள் அறிஞர் மைக்கேல் ஜாக்சனும் ஏடி அண்ட் டி ஆய்வகத்தின் பமீலா ஜேவும் 1990களில் தெளிவாக எழுதிவைத்த ஒரு தர்க்கம். தேவை என்பது வெளி உலகத்தில் நடக்க வேண்டியது. விவரக்குறிப்பு என்பது மென்பொருள் செய்ய வேண்டியது. மென்பொருள் தன் வேலையைச் செய்தால் மட்டும் உலகத்தில் அது நடந்துவிடாது. நடுவில் உலகத்தைப் பற்றிய சில அனுமானங்களும் உண்மையாக இருக்க வேண்டும். மூன்றையும் தனித்தனியே எழுதிப் பொருத்திக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

அனுமானம் பொய்த்தால் என்ன ஆகும் என்பதற்கு 1993 செப்டம்பர் 14, வார்சா விமான நிலைய விபத்தைச் சொல்வார்கள். ஏர்பஸ் ஏ320 விமானம் தரையிறங்கியபின், சக்கரங்கள் சுழல்வதையும் இரு பக்கக் கால்கள் அழுந்துவதையும் வைத்துத்தான் தரையில் இருக்கிறோம் என்று மென்பொருள் தெரிந்துகொள்ளும். அன்று ஓடுபாதையில் தண்ணீர். பக்கவாட்டுக் காற்றை எதிர்பார்த்து விமானிகள் விமானத்தைச் சற்றுச் சாய்த்து இறக்கினார்கள். ஒரு கால் முதலில் தொட்டது, மறு கால் பல விநாடி கழித்துத்தான் அழுந்தியது. சக்கரங்களும் நீரில் சறுக்கின. வேகத்தைக் குறைக்கும் அமைப்புகள் தாமதமாகவே இயங்கின. விமானம் பாதையைத் தாண்டிப் போய் மோதியது. 70 பேரில் இருவர் இறந்தனர். மென்பொருள் தன் விவரக்குறிப்பை மீறவில்லை.

இந்தத் தர்க்கத்தை ஒரு செய்முறையாக்கியது, பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில் ஆக்செல் வான் லாம்ஸ்வேர்டே குழுவினர் வளர்த்த காயோஸ் முறை. 1993இல் அடிப்படைக் கட்டுரை வந்தது. பின்னாளில் அவரும் இமானுவேல் லெட்டியரும் இதே லண்டன் ஆம்புலன்ஸை வைத்தே விரிவாகச் செய்து காட்டினார்கள். அதன் சாரத்தை என் வார்த்தையில் தருகிறேன்.

உச்சியில் ஒரு இலக்கு: அழைப்பு வந்து 14 நிமிடத்துக்குள் ஆம்புலன்ஸ் அந்த இடத்தில் இருக்க வேண்டும். எப்படி என்று கேட்டு, தலைகீழ் மரம்போலக் கீழே கிளைகளாகப் பிரிக்கிறோம். அழைப்பு விவரம் சரியாகப் பதிவாக வேண்டும். 3 நிமிடத்துக்குள் ஒரு வண்டியை ஒதுக்கிக் கிளப்ப வேண்டும். ஒதுக்கிய வண்டி அருகில் உள்ளதாகவும் சும்மா இருப்பதாகவும் இருக்க வேண்டும். கிளம்பிய வண்டி மீதி நேரத்தில் போய்ச் சேர வேண்டும். இனி இரண்டாவதையும் மூன்றாவதையும் இன்னும் பிரிக்கிறோம். மென்பொருளுக்கு உண்மையான வண்டி தெரியாது. தரவுத்தளத்தில் உள்ள வண்டிதான் தெரியும். எனவே “தரவுத்தளத்தில் உள்ள இடம் உண்மையான இடமாக இருக்க வேண்டும்”, “தரவுத்தளத்தில் உள்ள நிலை உண்மையான நிலையாக இருக்க வேண்டும்” என்று இரண்டு புதிய இலக்குகள் பிறக்கின்றன. வாக்கிய ஆவணத்தில் இந்த இரண்டும் எங்கும் இருக்காது. மரத்தில் எழுதாமல் கீழே போகவே முடியாது.

நிலை பற்றியதை மேலும் பிரித்தால் பொறுப்பு ஆட்களிடம் போய் நிற்கும். நிலை மாறியதும் ஊழியர் சரியான பொத்தானை அழுத்துகிறார். முனையம் செய்தியை அனுப்புகிறது. ரேடியோ கொண்டுசேர்க்கிறது. சர்வர் பதிகிறது. கடைசி ஒன்று மட்டும்தான் மென்பொருள் டீமின் கையில் உள்ளது. மற்றவை எதிர்பார்ப்புகள்.

அடுத்த படி இன்னும் முக்கியம். ஒவ்வொரு எதிர்பார்ப்பையும் எதிர்மறையாக்கிப் பார்க்கச் சொல்கிறது காயோஸ். இதைத் தடை ஆய்வு என்பார்கள். ஊழியர் பொத்தானை அழுத்தவில்லை. ஏன்? மறந்தார், கை வேலையாக இருந்தது, வரிசை குழம்பியது, வேறு வண்டியில் ஏறிவிட்டார். ரேடியோ கொண்டுசேர்க்கவில்லை. ஏன்? செய்தி எட்டாத இடம், ஒரே நேரத்தில் நெரிசல். இந்தப் பட்டியலை லண்டனில் நடந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட அதே பட்டியல். பிறகு ஒவ்வொரு தடைக்கும் ஒரு முடிவு: தடுக்கலாமா, வந்தால் சமாளிக்கலாமா, இலக்கையே தளர்த்தலாமா, பொறுப்பை வேறு ஆளிடம் மாற்றலாமா? இடத்தை ஒதுக்கீட்டாளர் கையால் திருத்த வழி வேண்டும், அழுத்தாத பொத்தானை வண்டியின் நகர்வை வைத்து ஊகிக்க வேண்டும் என்ற புதிய தேவைகள் இங்கிருந்துதான் வரும்.

எல்லாம் முடிந்தபின் திரும்பிப் பார்த்து நாம் இதைச் சொல்கிறோம் என்பது உண்மை. ஆனாலும் ஒரு முறை சரியான கேள்வியைத் தானாகக் கேட்கிறதா, கேட்பவரின் அனுபவத்தை நம்பியிருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். தடை ஆய்வில் வேலைக்குப் புதிதாக வந்தவர்கூட வரிசையாக எதிர்மறையாக்கிக்கொண்டே போகலாம்.

இதன் விலை என்ன? மரம் வேகமாகப் பெரிதாகும். மூன்று நிலைக்குக் கீழே போனால் சுவரில் ஒட்ட இடம் இருக்காது. முறைப்படியான தர்க்கக் குறியீட்டோடு எழுதப் பழக மாதங்கள் ஆகும். என் பரிந்துரை, குறியீட்டை விட்டுவிட்டு மரத்தையும் தடையையும் மட்டும் எடுத்துக்கொள்வது. உச்சியில் இரண்டு மூன்று இலக்குகள், அதில் மிக ஆபத்தான கிளையை மட்டும் இலைவரை. அதற்கு வெள்ளைப் பலகையே போதும்.

இந்தக் குடும்பத்தின் இன்னொரு கிளை ஐ-ஸ்டார். எரிக் யூ 1995இல் டொரொண்டோ பல்கலைக்கழகத்து முனைவர் ஆய்வில் கொடுத்தது. இலக்கை உடைப்பதைவிட, யார் யாரை எதற்காக நம்பியிருக்கிறார்கள் என்று வரைவது இதன் மையம். நான்கைந்து நிறுவனங்கள் சேர்ந்து ஓட்டும் அமைப்பு என்றால், உதாரணமாக ஆம்புலன்ஸ், மருத்துவமனை, காவல்துறை, தொலைத்தொடர்பு நிறுவனம் என்று இருந்தால், முதல் கூட்டத்திலேயே இந்தப் படத்தைப் போடலாம். யாரும் ஒப்புக்கொள்ளாத ஒரு பொறுப்பு அதில் அம்புக்குறியாகத் தனித்துத் தெரியும். படம் 20 பெட்டியைத் தாண்டினால் போட்டவருக்கே புரியாது என்பதால் அதோடு நிறுத்திவிடலாம்.

டிஎல்ஏ பிளஸ்

இலக்கு மரத்தில் அகப்படாத ஒன்று உண்டு: நேரம். செய்திகள் முன்பின்னாக வருவது, இரண்டு முறை வருவது, நடுவில் சர்வர் விழுந்து எழுவது. ரேடியோ தாமதிக்கலாம் என்று மரத்தில் எழுதலாம். தாமதித்தால் சரியாக எந்த வரிசையில் எது கெடும் என்று அது சொல்லாது.

கற்பனையாக ஒரு வரிசையைப் பாருங்கள். 17ஆம் வண்டி நோயாளியை இறக்கிவிட்டுத் ‘தயார்’ அழுத்துகிறது. ரேடியோ நெரிசல், செய்தி முனையத்திலேயே காத்திருக்கிறது. வண்டி வெளியே வரும்போது வழியில் ஒருவர் மயங்கி விழுந்திருக்கிறார். ஊழியர்கள் இறங்கிக் கவனிக்கிறார்கள், ‘வேலையில்’ என்று அழுத்துகிறார்கள். இந்தச் செய்தி உடனே போய்விடுகிறது. பிறகு முனையம் பழைய செய்தியை மறுபடி முயன்று அனுப்புகிறது. சர்வருக்கு முதலில் ‘வேலையில்’, அப்புறம் ‘தயார்’. அடுத்த அழைப்புக்கு 17ஆம் வண்டி ஒதுக்கப்படுகிறது. அங்கே யாரும் போகப்போவதில்லை. இதில் எவரும் தவறு செய்யவில்லை: பொத்தான் சரியாக அழுத்தப்பட்டது, செய்தி எதுவும் தொலையவில்லை, சர்வர் வந்ததை வந்தபடி பதிந்தது.

அமெரிக்கக் கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கிய டிஎல்ஏ பிளஸ் இந்த மாதிரி இடத்துக்கென்றே ஆனது. அமைப்பின் நிலை என்ன, ஒவ்வொரு அடியிலும் என்ன மாறலாம், எது ஒருபோதும் நடக்கக் கூடாது என்று கணிதத்தில் எழுதினால், மாடல் சரிபார்ப்பான் என்ற மென்பொருள் நிகழக்கூடிய எல்லா வரிசைகளையும் அலசி, கெடும் வரிசை ஒன்றை அடி அடியாகக் காட்டும். மேலே உள்ளதைப் போன்ற சிறிய சிக்கல் கண்ணிமைக்கும் நேரத்தில் வெளியே வரும். அதிலிருந்து ஒரு தேவை பிறக்கும்: ஒவ்வொரு நிலைச் செய்தியும் வண்டியிலேயே வரிசை எண் பெற வேண்டும், பழைய எண்ணோடு வருவதைச் சர்வர் புறக்கணிக்க வேண்டும்.

அமேசான் பொறியாளர்கள் 2011 முதல் இதைப் பயன்படுத்தி, 2015இல் தங்கள் அனுபவத்தை வெளியிட்டார்கள். அவர்களுடைய தரவுத்தளச் சேவையான டைனமோடிபியில் அகப்பட்ட ஒரு பிழையைக் காட்டும் மிகச் சுருக்கமான வரிசைக்கே 35 அடிகள். வடிவமைப்பு ஆய்வு, நிரல் ஆய்வு, சோதனை எல்லாவற்றையும் தாண்டி வந்த பிழை அது. புதியவர்கள்கூட இரண்டு மூன்று வாரத்தில் கற்றுப் பயன் பெற்றார்கள் என்றும் எழுதினார்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த அலாய் மொழியில், பமீலா ஜேவ் 2012இல் கார்ட் என்ற புகழ்பெற்ற நெட்வொர்க் நெறிமுறையை (புரோட்டோகாலை) மாடல் செய்தார். 2001இல் சரியென்று நிரூபிக்கக்கூடியது என்ற பெருமையோடு வந்த நெறிமுறை அது. வெளியிட்ட வடிவத்தில் அது சரியில்லை என்று காட்டினார்.

அப்படியானால் எல்லாவற்றையும் டிஎல்ஏ பிளஸ்ஸில் எழுதலாமே? கூடாது என்பேன். நாம் எழுதிய உலகத்துக்குள்தான் அது தேடும். ஊழியர் வேறு வண்டியில் ஏறிவிடலாம் என்று நாம் எழுதவில்லை என்றால் அது கண்டுபிடிக்காது. எல்லாம் சரி என்று பச்சை காட்டும். அப்புறம், ஊழியர்களோ நிர்வாகமோ அதைப் படித்துச் சரி சொல்ல முடியாது. தடை ஆய்வில் வந்த பட்டியலை உள்ளே போட்டால்தான் அதன் முழு பலம் கிடைக்கும்.

எதை எடுப்பது

ஆம்புலன்ஸ் போல, மனிதர்களும் கருவிகளும் ரேடியோவும் கலந்த அமைப்பு என்றால் என் தேர்வு இலக்கு மரத்தில் தொடங்குவது. அதற்கான தகவலை யூஸ் கேஸ் அமர்வுகளில் திரட்ட வேண்டும். முக்கியமாகக் களத்தில் இருப்பவர்களிடம். மரத்தின் இலைகள் இயர்ஸ் வாக்கியங்களாகி ஒப்பந்தத்துக்குப் போகும். வண்டி நிலை, ஒதுக்கீடு என்ற ஒரே பகுதி மட்டும் டிஎல்ஏ பிளஸ்ஸுக்கு. நேரம் குறைவு, ஒன்றுதான் செய்ய முடியும் என்றால், தடை ஆய்வை மட்டுமாவது செய்யுங்கள்.

ஐந்தாறு பேர் கொண்ட டீம், பணப் பரிமாற்றம் போல முழுக்க மென்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடையிலான வேலை என்றால் முறை மாறும். அங்கே பொத்தான் மறக்கும் மனிதர் குறைவு. மறுமுயற்சியும் இரட்டைச் செய்தியும்தான் எதிரி. டிஎல்ஏ பிளஸ்ஸை முன்னால் வையுங்கள், மரம் ஒரு பக்கத்தில் அடங்கட்டும்.

டெண்டரில் வரும் வேலையில் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே நமக்கு இருக்காது. வாக்கிய ஆவணம் கையில் திணிக்கப்படும். அப்போதும் ஒரு பின்னிணைப்பு கேட்டுப் பெறலாம்: அனுமானங்களின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எதிரே பொறுப்பாளர் யார், பொய்த்தால் அமைப்பு என்ன செய்யும், பொய்த்தது எப்படித் தெரியும் என்ற மூன்று கட்டங்கள். வாங்குபவர் தரப்பில் இருப்பவர்களுக்கும் இது லாபம்தான். ரேடியோ எட்டாத இடங்களுக்கு யார் பொறுப்பு என்ற தகராறு, அமைப்பு ஓட ஆரம்பிப்பதற்கு முன்பே தீர்ந்துவிடும்.

அந்த மூன்றாவது கட்டத்தைப் பலரும் காலியாக விடுவார்கள், விடக் கூடாது. அனுமானங்களை ஓடும்போதே கண்காணிக்க வேண்டும் என்று ஸ்டீபன் ஃபிக்காஸும் மார்ட்டின் ஃபெதரும் 1995இலேயே எழுதினார்கள். இன்று எல்லா டீமிடமும் டாஷ்போர்டு இருக்கிறது. அதில் சிபியூவும் நினைவகமும் எத்தனை சதவீதம் என்று ஓடிக்கொண்டிருக்கும். அதோடு இவற்றையும் சேர்க்கலாம்: கடைசிச் செய்தி வந்து ஐந்து நிமிடத்துக்கு மேலான வண்டிகள் எத்தனை, வரிசை மாறி வந்த நிலைச் செய்திகள் எத்தனை, ஒதுக்கீட்டாளர் கையால் திருத்திய இடங்கள் எத்தனை, ஒரே நிகழ்வுக்கு வந்த மறு அழைப்புகள் எத்தனை. நான்காவது எண் ஏறத் தொடங்கினால் உடனே கையால் ஒதுக்கும் முறைக்கு மாற அதிகாரம் யாருக்கு என்பதையும் தேவை ஆவணத்திலேயே எழுதிவிடுங்கள்.